வாசலில் சரிவுப்பாதை போட்டால் போதுமா? ஊர்ப் புகையிரத நிலையங்களும் மாற்றுத்திறனாளிகளும்

ஒரு புகையிரத நிலையம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதா என்று பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும். சக்கர நாற்காலியில் வரும் ஒருவர், யாரும் அவரைத் தூக்காமல், ஆட்டோவிலிருந்து இறங்கி, கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் ஓடும் உதயதேவி புகையிரதத்தில் தன் இருக்கை வரை போய்ச் சேர்வாரா?

இந்தக் கேள்விக்குள் பல இடங்கள் அடங்கியிருக்கின்றன. ஆட்டோ நிற்கும் இடம், வாசல், பயணச்சீட்டுக் கருமபீடம், மேடை, பெட்டியின் கதவு, உள்ளே நாற்காலி நிற்க ஓர் இடம், நடுவழியில் மலசலகூடம். இறங்கும் ஊரில் இதே வரிசை தலைகீழாக வரும். இவற்றில் ஆறு சரியாக இருந்து ஒன்று பிழையானாலும் அந்த மனிதர் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆகவே அணுகல் வசதி என்பது ஒரு பொருளின் பெயரல்ல, அறுபடாத ஒரு தொடரின் பெயர். வாசலில் பளபளவென்று சரிவுப்பாதை கட்டித் திறப்புவிழா நடத்திவிட்டு, பெட்டி ஏறும் இடத்தில் நான்கு பேர் சேர்ந்து நாற்காலியோடு ஆளைத் தூக்கும் நிலை இருந்தால், அங்கே வசதி இன்னும் வரவில்லை என்றே கணக்கிட வேண்டும்.

பயன்பெறுவோர் சக்கர நாற்காலிக்காரர் சிலர்தானே என்ற எண்ணமும் தப்பு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோர் பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றில் ஏதோவொரு சிரமத்தோடு வாழ்கிறார்கள். கிழக்கில் யுத்தத்தில் காலை இழந்து செயற்கைக்கால் பொருத்தியவர்களையும், சீனி வருத்தத்தால் பாதம் மரத்தவர்களையும், முழங்கால் தேய்ந்த அம்மம்மாமாரையும் நினைத்துப் பாருங்கள். இவர்கள் யாரும் தங்களை மாற்றுத்திறனாளி என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் உயரமான படியைக் கண்டதும் கோச்சியை விட்டு பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. அதன் கீழ் 2006இல் அணுகல் ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாகின. பொதுக் கட்டடங்களுக்கும் பொதுமக்கள் சேவை பெறும் இடங்களுக்கும் அவை பொருந்தும். சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா 2009இல் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். புதிய பொதுக் கட்டடங்கள் இந்த விதிகளைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்ற உயர் நீதிமன்றத்தின் கட்டளை 2011இல் கிடைத்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. அதன் 9ஆம் உறுப்புரை போக்குவரத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆக, எவரும் இங்கே தயவு கேட்கவில்லை.

இனி வாசலிலிருந்து தொடங்குவோம்.

சரிவுப்பாதை: நீளம்தான் எல்லாம்

எல்லோரும் மனதில் வைக்கவேண்டிய கணக்கு 12க்கு 1. ஒரு சென்ரிமீற்றர் உயர, பாதை 12 சென்ரிமீற்றர் நீள வேண்டும். இது உச்ச எல்லை. இடம் இருந்தால் 20க்கு 1 இன்னும் நல்லது. தன் கையால் சில்லை உருட்டுபவருக்கு 12க்கு 1 என்பதே நல்ல வேலை.

வாசலில் 15 சென்ரிமீற்றர் உயரமான படிகள் மூன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்த உயரம் 45 சென்ரிமீற்றர். பன்னிரண்டால் பெருக்கினால் 5.4 மீற்றர். மேலேயும் கீழேயும் நாற்காலி நின்று திரும்ப 1.5 மீற்றர் சமதளம் தேவை. எல்லாம் சேர்த்து 8.4 மீற்றர். மூன்று படிக்கு இவ்வளவு நீளமா என்று மேசன் கேட்பார். அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது. இருக்கிற இடத்துக்குள் அடக்குவதற்காக ஒன்றரை மீற்றரில் முடித்துவிடுகிறார்கள். அது ஏறக்குறைய 3க்கு 1 சரிவு. அதில் சாமான் தள்ளுவண்டியையே இருவர் பிடித்துத்தான் ஏற்ற வேண்டும். நாற்காலியில் ஏறுபவர் பின்பக்கமாகக் கவிழ்ந்து தலை அடிபடவும் கூடும். நேராக இடமில்லாவிட்டால் பாதையை மடிக்கலாம்: 2.7 மீற்றர் ஏறி, 1.5 மீற்றர் சமதளத்தில் திரும்பி, மீண்டும் 2.7 மீற்றர் ஏறுவது.

அகலம் கைப்பிடிகளுக்கு இடையில் குறைந்தது 1 மீற்றராவது இருக்கட்டும். சாதாரண நாற்காலி 65 முதல் 70 சென்ரிமீற்றர் வரை இருக்கும், ஆனால் சில்லைச் சுற்றும் கைமுட்டிக்கும் இடம் வேண்டுமே. கைப்பிடி இரண்டு பக்கமும், இரண்டு உயரத்தில்: நிற்பவருக்கு 90 சென்ரிமீற்றர், நாற்காலியில் இருப்பவருக்கும் பிள்ளைகளுக்கும் 70. சரிவு முடிந்த பிறகும் கைப்பிடி 30 சென்ரிமீற்றர் நீண்டு, நுனி கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். வெட்டி விட்ட குழாய் நுனியில் சட்டைக் கை மாட்டிக்கொள்ளும்; பார்வையில்லாதவரின் வயிற்றில் குத்தும். ஓரத்தில் 10 சென்ரிமீற்றர் உயரமான சீமெந்து வரம்பு கட்டாவிட்டால் முன்சில்லு வெளியே இறங்கிவிடும்.

அளவெல்லாம் சரியாக இருந்தும் பாதை பயன்படாமல் போவதற்குக் காரணம் சின்ன விஷயங்கள்தான். அடியில், வீதியோடு சேரும் இடத்தில் 2 சென்ரிமீற்றர் உயர விளிம்பு விட்டுவிடுவார்கள். நாற்காலியின் சிறிய முன்சில்லு அதில் முட்டி நிற்கும், ஆள் முன்னே சரிவார். குறுக்கே ஓடும் வடிகானின் இரும்புச் சட்டங்கள் நடக்கும் திசையிலேயே நீளவாக்கில் இருந்தால் சில்லும் ஊன்றுகோலும் உள்ளே போகும். சட்டங்கள் குறுக்காகவும் இடைவெளி 13 மில்லிமீற்றருக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். மினுமினுக்கும் மாபிளை சரிவில் பதிப்பதை என்னவென்று சொல்ல! கார்த்திகை, மார்கழி மாரிமழையில் அது சறுக்குமரம். சீமெந்து காயுமுன் விளக்குமாற்றால் குறுக்காக இழுத்துக் கோடுபோட்டாலே போதும், செலவும் இல்லை.

மோட்டார் சைக்கிள் உள்ளே வராமல் இருக்க நடும் கம்பங்களும் ஒரு தொல்லை. இரண்டு கம்பத்துக்கு இடையில் 90 சென்ரிமீற்றர் விட்டால் நாற்காலி போகும். அதற்குக் குறைத்தால் மோட்டார் சைக்கிள் எப்படியும் வளைந்து போகும், நாற்காலி மட்டும் நிற்கும்.

கருமபீடமும் அறிவிப்பும்

பயணச்சீட்டுக் கருமபீடத்தில் ஒரு யன்னலாவது 75 முதல் 80 சென்ரிமீற்றர் உயரத்தில், கீழே முழங்கால் நுழைய இடத்தோடு இருக்க வேண்டும். செவிப்புலன் குறைந்தவர்களுக்குப் பெரும் தடை தடித்த கண்ணாடியும் அதிலுள்ள சிறு துளையும்தான். உத்தியோகத்தரின் முகத்தில் வெளிச்சம் விழும்படி ஒரு விளக்கைத் திருப்பினால் உதட்டசைவைப் படிக்கலாம். ஊர்ப் பெயர், வகுப்பு, விலை அச்சிட்ட ஓர் அட்டையும் ஒரு பேனையும் வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஒலிபெருக்கியில் சொல்வது எதுவோ, அது எழுத்திலும் வர வேண்டும். எழுத்தில் வருவது ஒலியிலும் வர வேண்டும். மேடை மாற்றத்தைக் கடைசி நிமிடத்தில் ஒலியில் மட்டும் சொன்னால் காது கேளாதவர் காலியான தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மின்பலகை வாங்கக் காசில்லாவிட்டால் ஒரு கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் போதும்.

மேடை ஓரம்: பொட்டு என்றால் நில், கோடு என்றால் நட

மஞ்சள் நிறத்தில் புடைப்புள்ள ஓடுகளைக் கொழும்புப் பக்கம் கண்டிருப்பீர்கள். ஜப்பானில் செய்ச்சி மியாக்கே என்பவர் 1965இல் உருவாக்கியவை அவை. 1967இல் ஒக்காயாமா நகரில், பார்வையற்றோர் பாடசாலைக்கு அருகே முதன்முதலில் பதிக்கப்பட்டன. இரண்டு வகைதான். வட்டப் பொட்டுகள் கொண்டது எச்சரிக்கை: முன்னே ஆபத்து அல்லது திருப்பம். நீளக் கோடுகள் கொண்டது வழிகாட்டி: இந்தத் திசையில் நட.

மேடையில் பொட்டு ஓடுகள் விளிம்புக்குச் சமாந்தரமாக, ஆனால் விளிம்பிலேயே அல்லாமல் உள்ளே தள்ளி வர வேண்டும். ஜப்பானில் 80 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் உள்ளே பதிக்கிறார்கள். பாதம் பொட்டை உணர்ந்து உடல் நிற்பதற்கு அந்த இடைவெளி தேவை. ஓடு ஒன்று 30 சென்ரிமீற்றர் சதுரம். ஒரு வரிசை மட்டும் போட்டால் எட்டி வைக்கும் காலடி அதைத் தாண்டிப்போகலாம், இரண்டு வரிசை பாதுகாப்பு. மேடையின் இரு முனைகளிலும், தண்டவாளத்தைக் கடக்கும் இடத்திலும் கட்டாயம் வேண்டும்.

இதில் நடக்கும் கோளாறுகள் விசித்திரமானவை. அழகுக்காக வளைத்து வளைத்துப் பதிப்பது. கோடு போகவேண்டிய இடத்தில் பொட்டு, பொட்டு வரவேண்டிய இடத்தில் கோடு. வழிகாட்டிக் கோடு நேராகப் போய் ஒரு தூணில் முட்டுவது. எல்லாம் சரியாகப் பதித்த பிறகு அதன் மேலேயே வாங்கில் ஒன்றைத் தூக்கி வைப்பது. தரையின் நிறமும் ஓட்டின் நிறமும் ஒன்றாக இருந்தால் மங்கலாகத் தெரியும் கண்ணுக்கு அதனால் பயனில்லை. வெள்ளைப் பிரம்போடு வருவோரை விட அரைகுறைப் பார்வையோடு வருவோரே அதிகம், ஆகவே நிறவேறுபாடு முக்கியம்.

மேடையின் மேற்பரப்பு தண்டவாளத்தை நோக்கிச் சரியக்கூடாது. 50க்கு 1 அளவில் எதிர்ப்பக்கம், கட்டடத்தை நோக்கிச் சரிய வேண்டும். மழைநீர் அந்தப் பக்கம் ஓடும். பிரேக் போட மறந்த நாற்காலியும் அந்தப் பக்கமே உருளும்.

பெட்டிக்குள் ஏறுவது: தொடர் அறுகிற இடம்

இதுவரை சொன்னதெல்லாம் மேசனோடு முடியும் வேலை. மேடைக்கும் பெட்டித் தளத்துக்கும் இடையிலுள்ள உயர வித்தியாசம்தான் கடினமான கண்ணி. மேடைகள் பெட்டியின் தளத்தை விடத் தாழ்ந்திருப்பதால்தான் கதவருகே படிகளும் மிதிபலகையும் இருக்கின்றன.

மறுபடியும் 45 சென்ரிமீற்றர் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். எடுத்துச் செல்லக்கூடிய சரிவுப் பலகையை 12க்கு 1 என்று செய்தால் 5.4 மீற்றர் நீளம். பலகை பெட்டிக்கு நேர்குறுக்காகத்தான் நிற்கும், சிறு நிலைய மேடைகளில் அவ்வளவு அகலம் கிடைக்காது, தூக்கவும் முடியாது. பின்னால் ஒருவர் தள்ளுவார் என்று வைத்து 8க்கு 1 ஆக்கினால் 3.6 மீற்றர், 6க்கு 1 என்றால் 2.7 மீற்றர். அதைவிடச் செங்குத்தாகப் போகக்கூடாது. பலகை அலுமினியத்தில், 80 சென்ரிமீற்றர் அகலத்தில், இரு ஓரமும் 5 சென்ரிமீற்றர் மடித்து, 300 கிலோ தாங்குமாறு இருக்கட்டும். மின் நாற்காலி தனியாகவே 100 கிலோவைத் தாண்டலாம். மேல்நுனி கதவின் படியில் கொக்கியோ சங்கிலியோ போட்டுப் பூட்டப்பட வேண்டும். பூட்டாத பலகை, முன்சில்லு ஏறியதும் பின்னுக்கு நழுவும். இதனால் நடக்கும் விபத்து எப்போதும் ஒரே மாதிரித்தான்: நாற்காலி பாதி உள்ளே, பாதி அந்தரத்தில்.

வித்தியாசம் இன்னும் பெரிதென்றால் பலகையை மறந்துவிட்டு, கையால் சுற்றி உயர்த்தும் சில்லுத் தூக்குமேடையைப் பார்க்கலாம். மின்சாரம் வேண்டாம். பூட்டிப் போட்டுத் துருப்பிடிக்க விடாமல் மாதமொருமுறை சுற்றிப் பார்த்தால் போதும்.

மூன்றாவது வழி, முழு மேடையையும் உயர்த்தாமல் ஒரு துண்டை மட்டும் உயர்த்துவது. இங்கிலாந்தின் கம்பிரியாவில் ஹரிங்டன் என்ற சிறு நிலையத்தில் 2008இல் இப்படிச் செய்தார்கள். பிறகு அந்த மேடைத் துண்டுக்கே ஹரிங்டன் திமில் என்று பெயர் வந்தது, மாட்டின் திமில் போலத்தான் இருக்கும். 45 சென்ரிமீற்றர் உயர்த்த, இரு முனையிலும் 5.4 மீற்றர் சரிவு, நடுவில் இரண்டு கதவுக்குப் போதுமான 10 மீற்றர் சமதளம்: 21 மீற்றருக்குள் வேலை முடிந்தது. பெரிய மேடை முழுவதையும் உடைத்துக் கட்டுவதோடு ஒப்பிட்டால் இது சொற்ப வேலை. ஆனால் ஒரு எச்சரிக்கை. புகையிரதத்தின் உடல் போகும் எல்லைக்குள் சீமெந்து ஒரு விரல் அளவு நீண்டாலும் மிதிபலகை அடிபடும். தண்டவாளத்துக்குப் பொறுப்பான பொறியியலாளர் அளந்து ஒப்பமிடாமல் ஒரு கல்லும் வைக்கக்கூடாது.

அளவு என்றும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். தண்டவாளத்தின் கீழே சல்லி போட்டு இறுக்கும் ஒவ்வொரு தடவையும் தண்டவாளம் சற்றே உயர்கிறது. வருடங்கள் போகப்போக மேடை தாழ்ந்துகொண்டே வருவது போலிருக்கும். மறுபக்கம், சனம் நிறைந்த பெட்டி வில்லில் அமிழ்ந்து சில சென்ரிமீற்றர் தாழும். பலகையின் பூட்டு இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க வேண்டும்.

கதவின் உள் அகலம் 75 சென்ரிமீற்றருக்குக் குறைவென்றால் சாதாரண நாற்காலி நுழையாது. அப்படியான பெட்டிகளுக்கு 40 சென்ரிமீற்றர் அகலமுள்ள ஒடுக்கமான நாற்காலி ஒன்றை நிலையத்தில் வைத்திருக்கலாம். மேடையிலேயே ஆள் அதற்கு மாறிக்கொள்வார், சொந்த நாற்காலி மடித்து உள்ளே போகும். இது இரண்டாந்தர வழிதான். சிலரால் மாறி இருக்கவே முடியாது.

கடைசி நிலையமும் இடைவழி நிலையமும் ஒன்றல்ல

மட்டக்களப்பு, பாதை முடியும் இடம். இது ஒரு வரப்பிரசாதம். புறப்படும் முன் கோச்சி நெடுநேரம் நிற்கும், சங்கிலி பூட்டிப் பலகை வைத்து நிதானமாக ஏற்றலாம். பயணிகளை ஏற்றும் கோச்சியை எந்த மேடையில் நிறுத்துவது என்பதும் நிலையத்தாரின் கையில் இருக்கிறது. கட்டடத்தோடு ஒட்டிய மேடையில் நிறுத்தினால் தண்டவாளம் கடக்கும் பிரச்சினையே இல்லை. ஒரு சதம் செலவில்லாத மிகப் பெரிய வசதி இதுதான். மேம்பாலமும் மின்தூக்கியும் கேட்டு வருடக்கணக்கில் காத்திருப்பதற்கு முதல் இதைக் கேட்க வேண்டும். உப்புக்காற்றிலும் மின்வெட்டிலும் பழுதாகி, "பாவனையில் இல்லை" என்ற அட்டையோடு நிற்கும் மின்தூக்கி, இல்லாததை விட மோசம். நம்பி வந்தவர் நடுவில் மாட்டிக்கொள்வார்.

ஏறாவூரிலும் வாழைச்சேனையிலும் நிலைமை வேறு. கோச்சி வந்து சிறிது நேரத்தில் கிளம்பிவிடும். அங்கே திமில் மேடைதான் பொருத்தம். முடியாவிட்டால் ஒழுங்கு முறை: பயணி ஏறும் நிலையம் இறங்கும் நிலையத்துக்குத் தொலைபேசியில் பெட்டி எண்ணையும் கதவையும் சொல்ல வேண்டும், கோச்சியில் வரும் கார்டுக்கும் சொல்ல வேண்டும், அங்கே பலகையோடு ஒருவர் அந்த இடத்தில் நிற்க வேண்டும். கதவு வந்து நிற்கும் இடத்தை மேடையில் மஞ்சளில் குறித்துவிட்டால் கடைசி நேர ஓட்டம் குறையும். பெட்டிகளின் வரிசை மாறிய நாளில் அந்தக் குறி பொய் சொல்லும், அதனால்தான் தொலைபேசி.

தண்டவாளத்தை மட்டத்தில் கடந்துதான் ஆகவேண்டும் என்றால், கடவைப் பலகை தண்டவாளத்தின் மேல்மட்டத்தோடு சமமாக இருக்க வேண்டும். சில்லின் விளிம்பு ஓட விடும் 6 சென்ரிமீற்றர் அளவான பள்ளத்தில் நாற்காலியின் முன்சில்லு விழுந்து சிக்கும். நேர் செங்குத்தாகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போகவே கூடாது. உதவுபவர் இருந்தால் நாற்காலியைத் திருப்பிப் பெரிய சில்லு முதலில் வரும்படி பின்னோக்கி இழுப்பது பாதுகாப்பு. நிலையத்தாரின் அனுமதியில்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

அம்பாறை மாவட்டத்துக்குள் தண்டவாளமே கிடையாது. கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றிலிருந்து வருபவர் ஏ4 வீதியால் மட்டக்களப்புக்கு வந்தே கோச்சி பிடிக்க வேண்டும். கல்முனையிலிருந்தே ஏறக்குறைய 40 கிலோமீற்றர். அவருக்குத் தொடரின் முதற்கண்ணி பஸ்ஸின் உயரப் படி. நிலைய வளவில் 3.6 மீற்றர் அகலமான ஒரு வாகனத் தரிப்பிடம் ஒதுக்கினால், வான் பிடித்து வருபவராவது கதவை முழுதாகத் திறந்து நாற்காலியை இறக்கலாம்.

மலசலகூடம்

நீண்ட பயணத்துக்குமுன் மலசலகூடம் கிடைக்காது என்று தெரிந்தால், முதல் நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே 1.5 மீற்றர் விட்டத்தில் நாற்காலி சுற்றும் இடம், 45 முதல் 48 சென்ரிமீற்றர் உயரமான கொமட், பக்கச் சுவரிலும் பின்னாலும் உறுதியான பிடிகம்பி, இருந்தபடியே எட்டும் தண்ணீர்க்குழாய். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்தால் உள்ளே திறக்கும் கதவை அவரது உடலே அடைத்துவிடும். பிடிகம்பியை வெறும் ஓட்டில் திருகினால் முதல் இழுவையிலேயே கையோடு வரும். சுவருக்குள் நங்கூர ஆணி போக வேண்டும். கடலோர ஊரில் சாதாரண இரும்பு வேலைக்காகாது. வெளியில் கல்வனைஸ் குழாய், ஈரத்தில் 316 தரத் துருப்பிடிக்காத உருக்கு.

கட்டிய பிறகு அதில் விளக்குமாறும் பழைய கதிரையும் அடுக்கிப் பூட்டிவிட்டு, திறப்பு யாரிடம் என்று தெரியாமல் போவதுதான் வழக்கமான முடிவு. திறப்பு கருமபீடத்தில் இருக்கும் என்று கதவிலேயே எழுதி ஒட்டுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது

ஐந்து மீற்றர் நாடா, மேசன்மார் பாவிக்கும் நீர்மட்டக் குழாய், சுண்ணக்கட்டி, போன் கமரா. இவற்றோடு சக்கர நாற்காலி பாவிப்பவர் ஒருவர், வெள்ளைப் பிரம்போடு ஒருவர், காது கேளாதவர் ஒருவர். நிலைய அதிபரிடம் சொல்லிவிட்டு, கோச்சி வந்து சனம் நெரியும் நேரத்தில் போங்கள். வெறிச்சோடிய நேரத்தில் எல்லா நிலையமும் வசதியாகத்தான் தெரியும். வாசலிலிருந்து நடந்து, நின்ற ஒவ்வொரு இடத்திலும் அளவையும் படத்தையும் எடுங்கள். மேடைக்கும் பெட்டித் தளத்துக்கும் உள்ள உயரத்தையும் இடைவெளியையும் கோச்சி முழுதாக நின்ற பிறகு, குறைந்தது மூன்று கதவில் அளக்க வேண்டும்.

அந்தத் தாளோடு பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரையும் நிலைய அதிபரையும் பாருங்கள். செலவில்லாதவற்றை (எந்த மேடை, கரும்பலகை, திறப்பு, தொலைபேசி ஒழுங்கு) முதல் பக்கத்திலும், கட்டவேண்டியவற்றை அடுத்த பக்கத்திலும் எழுதினால், முதல் பக்கத்துக்கு அன்றே பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்த் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம்; தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "வசதி செய்வீர்களா?" என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல. இந்த நிலையத்துக்கு அணுகல் மதிப்பீடு செய்யப்பட்டதா, எந்தத் திகதியில், அந்த அறிக்கையின் பிரதி, இவ்வருட ஒதுக்கீடு எவ்வளவு என்று கேளுங்கள். அறிக்கையே இல்லை என்று எழுத்தில் பதில் வந்தால், அதையும் உங்கள் அளவுத்தாளோடு சேர்த்து மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் கையளிக்கலாம்.